ஆற்றை ஆள் என்று கேட்காத வீடு

விடுதிக்கு ஆட்கள் வருவது குறைந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? சுவருக்கு வெள்ளை அடிப்பீர்கள். எனக்குத் தெரியும். நானும் அடித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார் சிலர் போன கிழமை என்னைத் தேடி வந்தார்கள். அறைகள் காலியாகக் கிடக்கின்றனவாம், பெயர்ப் பலகையின் நிறத்தை மாற்றலாமா என்று கேட்டார்கள். மாற்றுங்கள், பலகைக்கு நல்லது என்றேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

யப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. காங்கேசன்துறையில், புகையிரத நிலையத்திலிருந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே நடந்துவிடக்கூடிய தூரத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு வீடு இருந்தது. நீளமான விறாந்தை, நாலு அறை, பின்னால் குசினி, உப்பில்லாத தண்ணீர் உள்ள கிணறு. கடலுக்கு அவ்வளவு கிட்ட நல்ல தண்ணீர் கிடைப்பது லேசான காரியமல்ல. வீட்டுக்காரி தங்கம்மா அக்கா. அவருடைய கணவர் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்து, பென்சன் எடுக்க முந்தி அங்கேயே இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. கணவர் அனுப்பிய காசில் கட்டிய அந்த வீடுதான் அக்காவுக்கு மிச்சம். அதை நாட்கணக்கிலும் கிழமைக்கணக்கிலும் வாடகைக்கு விட்டுவிட்டு, தான் மல்லாகத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்.

வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் மலாயாவிலிருந்து லீவில் வந்தவர்கள், கடற்காற்று வாங்க வந்த கொழும்பு உத்தியோகத்தர்கள், கீரிமலையில் குளித்தால் நோய் மாறும் என்று நம்பியவர்கள். நல்ல வரும்படி இருந்தது. பிறகு ஒரு வருடத்துக்குள் அது கரைந்துபோயிற்று.

அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டு வீட்டைப் பொறுப்பெடுக்கச் சொன்னார். நான் தெல்லிப்பழையில் இருந்துகொண்டு இப்படி இரண்டு மூன்று வீடுகளைப் பார்த்து நடத்திக்கொண்டிருந்தேன்.

"சித்திரை வருஷப் பிறப்புக்குள்ளை ஆக்கள் வராட்டி வீட்டை வித்துப்போட்டுத் தன்னோடை வந்து இருக்கட்டாம் எண்டு கொக்குவில் அண்ணை சொல்லுறார்," என்றார் அக்கா. "அண்ணை வீட்டிலை சோறு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் அண்ணியின்ரை முகத்தைப் பாத்துத்தான் சாப்பிடவேணும். எனக்கு அது ஏலாது தம்பி."

அந்தக் கொக்குவில் அண்ணை இடைக்கிடை காங்கேசன்துறைக்கு வந்து, வீட்டு மதிலைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். விலை பேசுகிறவன் மாட்டைத் தட்டுகிற மாதிரி. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தேன்.

வெள்ளை அடித்தேன். மெத்தைகளைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைத்தேன். ஓட்டுக்குள் குடியிருந்த எலிகளை அனுப்பிவைத்தேன். பத்திரிகையில் கடற்காற்றைப் பற்றி நாலு வரி விளம்பரம் போட்டேன். வெளியூர் ஆட்களுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாதாக்கும் என்று கறியில் தூளைக் குறைக்கச் சொன்னேன். அந்தக் கிழமை வந்த ஒரேயொருவர் கறிக்கு உறைப்புப் போதாது என்றார்.

இதற்குள் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் நிற்கவில்லை. இரண்டு கிழமைக்கு என்று முன்கூட்டியே சொல்லி வந்தவர் மறுநாள் பெட்டியோடு போய்விடுவார். வீட்டில் என்ன குறை என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை, எல்லாம் திறம் என்பார். முகம் மட்டும் வேறு கதை சொல்லும். போனவர் திரும்பி வரமாட்டார், தன் சிநேகிதர்களையும் அனுப்பமாட்டார்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் போய் இதைச் சொன்னேன். "வீட்டைப் பாத்தது போதும். அங்கை ஒருத்தனைப் படுக்க வைச்சுப் பார்," என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணீர்கூடத் தரவில்லை.

நானே போய்ப் படுக்க முடியாது, அங்கே என்னைத் தெரியும். திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த இராசையா என்ற சிநேகிதனை வரச்சொன்னேன். மூன்று நாள் சும்மா தங்கியிருந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு அவன்தான் பொருத்தமான ஆள், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் தனக்கு ஒரு ஈ காக்கைகூடச் சொந்தமில்லை என்று அவன் அடிக்கடி பெருமைப்படுவான்.

அவன் வந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அறை வெறுமையாக இருந்தது. விறாந்தையில் முருகேசு அண்ணை மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

முருகேசு அண்ணை அந்த வீட்டின் காவல்காரர், சமையல்காரர், எல்லாம். மயிலிட்டி ஆள். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். கை சுத்தம், வாய் சுத்தம், அவர் வைக்கும் மீன்குழம்புக்காகவே ஆட்கள் வரலாம்.

"திருகோணமலையார் எங்கை அண்ணை?"

"ஐயோ தம்பி, அவர் பிற ஆளில்லை! அவரின்ரை அம்மம்மா எங்கடை மயிலிட்டி வல்லிபுரத்தாற்றை தமக்கை. கலியாணம் முடிச்சுத் திருகோணமலைக்குப் போனது. அவருக்கே அது தெரியாது, பாருங்கோ. நான்தான் கண்டுபிடிச்சனான். உடனை மயிலிட்டிக்கு ஆளனுப்பினன். நேற்றுப் பின்னேரமே வண்டிலிலை வந்து ஏத்திக்கொண்டு போட்டினம்."

மயிலிட்டிக்குப் போனேன். இராசையா ஒரு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அன்று காலைக்குள் அது அவனுக்கு மூன்றாவது வீடாம். வயதான ஒரு மாமி அவனுக்கு இடியப்பத்தை வைத்துக்கொண்டே அழுது, அழுதுகொண்டே ஏசிக்கொண்டிருந்தார்: "சொந்தம் இருக்க வாடகை வீட்டிலையோ நிண்டனீ? எங்களைச் செத்துப் போச்சினம் எண்டு நினைச்சியோ?" இராசையா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவனை அங்கிருந்து மீட்க எனக்கு அன்று முழுதும் எடுத்தது. போகும்போது ஒரு சாக்கு மாங்காயும் கொடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சொந்தக்காரர் இருக்கும்போது ஒருவர் காசு கொடுத்து வேறிடத்தில் தங்கினால், அது சொந்தக்காரரின் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம். எனவே வாடகை வீட்டுக்கு வருகிறவன் ஏதோ காரணத்தோடுதான் வருகிறான். லீவு கொஞ்சம், சொந்தம் அதிகம், எல்லோருக்கும் சாமான் வாங்கிவரக் கட்டுப்படியாகாதவன் வருவான். மாப்பிள்ளை சரிவருமா என்று சத்தமில்லாமல் பார்க்க வந்த குடும்பம் வரும். வருத்தக்காரன் வருவான், தன் இருமலை மாமன்மாருக்குக் காட்ட விரும்பாதவன். இவர்கள் எல்லோருக்கும் தேவையானது மெத்தையல்ல. தங்களைக் கண்டுபிடிக்காத ஒரு வீடு.

அந்த வீட்டு வாசலில்தான் முருகேசு அண்ணை நின்றார். பெட்டியை வாங்கி வைத்த கையோடு தொடங்குவார்.

"தம்பி எவடம்?"

"கொக்குவில்."

"கொக்குவிலிலை எவடம்? ஸ்ரேசனுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

"அங்காலை."

"அப்ப ஆற்றை மோன்?"

யாருடைய மகன் என்று தெரிந்துவிட்டால் போதும், தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அந்த மனிதனுக்கு ஒரு பெரியப்பாவையாவது பிடித்துக் கொடுத்துவிடுவார். பொல்லாத எண்ணத்தில் அல்ல. பிரிந்து கிடக்கிறவர்களைச் சேர்த்துவைக்கிறேன் என்ற சந்தோஷத்தில். வந்தவனுக்கோ வெளியே சொல்லமுடியாத துன்பம். சொந்தக்காரர் அன்பாய்க் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள் என்று எவன் முறைப்பாடு செய்வான்?

அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். அவரை நிற்பாட்டிவிட்டு வேறு ஆளை வைப்போமா என்று அக்கா கேட்டார். வைக்கலாம், ஆனால் புது ஆளும் முதல் நாளே அதைத்தான் கேட்பான், கேட்காத ஆள் வேண்டுமென்றால் கப்பலில்தான் இறக்க வேண்டும் என்றேன். மீன்குழம்பும் கையை விட்டுப் போய்விடும். ஆகவே முருகேசு அண்ணையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன்.

"ஊர் கேக்கப்படாது. தேப்பன் பேர் கேக்கப்படாது. அவையள் பேரைச் சொன்னால் பேரோடை நிப்பாட்டவேணும்."



"அப்ப வாற ஆக்களோடை என்னத்தைக் கதைக்கிறது?"

"மழையைப் பற்றிக் கதையுங்கோ."

"இஞ்சை எங்கை தம்பி மழை பெய்யுது?"

"பெய்யேல்லை எண்டு கதையுங்கோ."

அக்காவின் வீடு போய்விடும் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை. மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் பார்க்கப் பாவமாக இருந்தது. யாராவது பெட்டியோடு இறங்கினால் அவருடைய உதடு அசையும், சத்தம் வராது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "இந்த வருஷமும் மாரி ஏமாத்திப்போட்டுது," என்பார்.

மாதம் செல்லச் செல்ல ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் மற்றவர்களையும் அனுப்பினார்கள். அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்ற பேர் மலாயாவரைக்கும் போயிற்று. சித்திரை வருஷப் பிறப்புக்கு நாலு அறையும் நிறைந்திருந்தன. கொக்குவில் அண்ணை மதிலைத் தட்ட வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும்: வருகிறவனைக் கேள்வி கேளாதே. நானும் இரண்டு வருடம் வரையில் அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அதற்குப் பிறகு ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். பேர் பொன்னையா. எங்கள் பகுதியில் பொன்னையா என்ற பேர் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும், அதனால் அது ஒன்றையும் சொல்லாது. ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். பத்து நாள் நின்றார். எங்கும் போகவில்லை, கீரிமலைக்குக்கூட. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருப்பார், முருகேசு அண்ணை கூட்டிப் பெருக்குவதைப் பார்ப்பார். நான் போகிற நேரமெல்லாம் இருவரும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கை ஈப்போவிலை பின்னேரமானால் மழைதான்."

"இஞ்சை பாருங்கோ, ஒரு சொட்டு இல்லை."

"முந்தி பெய்யிறது."

"ஓம், முந்தி பெய்யிறது."

ஒரு நாள் பொன்னையா கூழ் கேட்டார். முருகேசு அண்ணை, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் நல்ல மீன்கூழ் காய்ச்சினார். பிலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்தித்தானே கூழ் குடிப்போம், பொன்னையா தன்னுடைய இலையைத் தானே மடித்துக் குத்திக்கொண்டார். நான் அதில் ஒன்றையும் காணவில்லை. கூழ் நன்றாயிருந்தது, நான் அதைத்தான் பார்த்தேன்.

போகிற நாள் காலை நானே அவரோடு ஸ்ரேசனுக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சந்தையில் கொஞ்சம் சாமான் வாங்கிக்கொண்டு, பின்னேரம் கொழும்பு மெயிலில் ஏறப்போவதாகச் சொன்னார். வண்டி புறப்படுகிற நேரம் யன்னலால் என்னைக் கூப்பிட்டார்.

"உங்கடை ஆள் வாற ஆக்களை எல்லாம் ஊர், பேர் கேட்டு விசாரிப்பார் எண்டு முந்தி அங்கை கதைக்கிறவை."

"அது பழைய கதை. நான் நிப்பாட்டிப் போட்டன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஓ," என்றார். "நல்லது." யன்னலை விட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது தங்கம்மா அக்கா மல்லாகத்திலிருந்து வந்திருந்தார், அடுத்த ஆட்களுக்கு அறையைச் சரிபார்க்க. முருகேசு அண்ணை கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். தலையணை உறையைத் தோய்க்கப் போடும்படி அக்கா சொல்ல, அவர் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இது கொஞ்சம் கிடக்கட்டும் பிள்ளை. என்ரை தம்பி படுத்தது."

"ஆர்?" என்றேன்.

"இப்ப போன பொன்னையா. என்ரை கூடப்பிறந்தவன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வந்த அண்டைக்கே ஒரு சந்தேகம். கூழ் குடிச்ச அண்டு சரியாத் தெரிஞ்சுது. எங்களைப் பெத்த அப்பு ஈர்க்கைக் கீழையிருந்து மேலைதான் குத்துவார். ஊரிலை வேறை ஒருத்தரும் அப்பிடிக் குத்தமாட்டினம். அவனும் அப்பிடித்தான் குத்தினவன்."

"அவருக்கு உங்களைத் தெரியாதோ?"

"தெரிஞ்சுதான் வந்தவன். இல்லாட்டி ஆர் தம்பி பத்து நாள் என்னோடை மழையைப் பற்றிக் கதைப்பான்?"

"பிறகேன் நீங்கள் கேக்கேல்லை?"

"நீங்கள்தானே கேக்கப்படாது எண்டனீங்கள்." பிறகு, உறையை மடித்தபடி, மெல்லச் சொன்னார்: "அது மட்டும் இல்லை. அப்பு செத்ததுக்கு அவன் வரேல்லை. கப்பல் கிடைக்கேல்லையாம். எனக்கு அப்ப கோவம். இனி இந்தப் படலையைத் திறக்காதை எண்டு ஆள் மூலம் சொல்லிவிட்டனான். அவன் எப்பிடித் திறப்பான்? சாத்தினவன் நானெல்லே."

தங்கம்மா அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"என்ரை வீட்டிலை பத்து நாள் இருந்தவனை ஒருத்தரும் கேக்கேல்லையோ? என்ரை மனுசன் அங்கை ஆசுப்பத்திரியிலை சாகக் கிடக்கேக்கை, பக்கத்துக் கட்டில்காரன்தான் கேட்டவன், நீ எவடம், ஆற்றை ஆள் எண்டு. அவன் கேட்டபடியால்தான் எனக்குச் செய்தி வந்தது. இல்லாட்டி நான் இண்டைக்கும் காயிதம் வருமெண்டு பாத்துக்கொண்டு இருப்பன். இந்த வீடு போனாலும் பரவாயில்லை. எழும்புங்கோ ரெண்டு பேரும்!"

முருகேசு அண்ணை விரிப்புகளை மடித்து, குசினியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பிறகு திரும்பவும் போய் இழுத்துப் பார்த்தார். அது ஒழுங்கல்ல, பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அடுத்த வண்டி பின்னேரம்தான் கிடைத்தது; அது ஒவ்வொரு ஸ்ரேசனிலும் வேண்டுமென்றே நின்றது போலிருந்தது.

யாழ்ப்பாண ஸ்ரேசனில் கொழும்பு மெயில் ஏற்கனவே வந்து நின்றது. பொன்னையா இன்னும் ஏறவில்லை. மேடையில் தன் றங்குப் பெட்டிமேல் இருந்தார், பக்கத்தில் பனம்பழத்தில் செய்த பனாட்டும் ஒடியலும் கட்டிய பொதி. எங்களைக் கண்டதும் எழும்பினார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் இடித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் பொன்னையாதான் வாயைத் திறந்தார்.

"இண்டைக்கும் மழை இல்லை," என்றார்.

"மழை கிடக்கட்டும்," என்றார் முருகேசு அண்ணை. கேள்வி பழைய ஒழுங்கில்தான் வந்தது. "தம்பி எவடம்?"

"மயிலிட்டி."

"மயிலிட்டியிலை எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"ஆற்றை மோன்?"

"கந்தப்பற்றை இளைய மோன்," என்றார்.

"அப்ப சொந்தமெல்லே," என்றார் முருகேசு அண்ணை. "சொந்தம் இருக்க வாடகை வீட்டிலையோடா நிண்டனீ?"

பிறகு றங்குப் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அறுபது வயது மனிதர். பொன்னையா பின்னால் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தும் கொடுக்கவில்லை. மெயில் அவரில்லாமல் போயிற்று. கப்பலுக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது, மயிலிட்டியில் சாப்பிட்டு முடிக்க அது போதாது. நான் பனாட்டுப் பொதியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கண்ணில் கரித்தூள் விழுந்தது என்று அப்போது சொன்னேன். விழவில்லை.

அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் விசாரணை இல்லை. ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்தோம். மழையே பெய்யாத ஊரில் ஒருவர் மூன்றாம் நாளும் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தால், முருகேசு அண்ணை அவரைக் கேட்கலாம்.

பொன்னையா அதன் பிறகு இன்னொரு தரம் லீவில் வந்தார், கடைசியில் பென்சன் எடுத்துக்கொண்டு நிரந்தரமாகவே வந்தார். ஒரு நாளாவது எங்கள் வீட்டில் அறை எடுக்கவில்லை. இப்படி ஒரு நல்ல வாடிக்கைக்காரர் கைவிட்டுப் போனார் என்று தங்கம்மா அக்காவிடம் சொன்னேன். அதற்கு அவர், "இப்பிடிப் போறவை எல்லாரும் போகட்டும்," என்றார்.